சிலுவைக் கொடி வலது பக்கம்

ஸ்லோவேனியாவும் ஸ்லோவாக்கியாவும் துபாய் ஓட்டல் ஒன்றில் வியாபார ஒப்பந்தம் போட வந்திருந்தன. மேஜையில் கொடி வைக்கும் பொறுப்பு கன்னியாகுமரிக் கடற்கரைக்காரனான கிளிட்டஸுடையது. இரண்டுமே வெள்ளை, நீலம், சிவப்பு. ஒன்றில் மலை, மற்றதில் சிலுவை. எது எந்த நாடென்று தெரியாததால், சிலுவையை வலது பக்கம் வைத்தால் கர்த்தர் கோபிக்கமாட்டார் என்று வைத்துவிட்டான்.

கர்த்தர் கோபிக்கவில்லை. சூப்பர்வைசர் விஜயபாஸ்கர்தான் கோபித்தார்.

“ஸ்லோவேனியாக்காரர் சிலுவைக்கு முன்னாடி உக்காந்திருக்காருடா! மாத்தி வச்சிருக்க! அவங்க முறைச்சிக்கிட்டா நீ கலாஸ். நாளைக்கே ஊருக்கு பிளைட்டு!”

“வேல போச்சுன்னு போய் நின்னா எம் பெஞ்சாதி வீட்டுல ஏத்தமாட்டா அண்ணே!”

கிளிட்டஸ் மேஜைக்கு ஓடுவதற்குள், கோயில் வாசலில் செருப்பு மாறிப்போனவர்களைப் போல, அதிகாரிகள் இருவரும் தாங்களே கொடிகளை மாற்றிக்கொண்டார்கள்.

“பெயர்க் குழப்பத்தில் எங்கள் கடிதங்களில் பாதி இவர் ஆபீசுக்குத்தான் போகும்” என்று ஸ்லோவாக்கிய அம்மாள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். “திருப்பி வாங்கப் போகும்போது காபி கொடுப்பார். இந்த ஒப்பந்தமே அப்படிப் பேசியதுதான்.”

விஜயபாஸ்கர் பெருமூச்சு விட்டார். “ஏன்டா நிக்கிற? அவங்களுக்குக் காபி கொண்டு வா.”

காபி கொண்டுவரச் சொன்னால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். கிளிட்டஸ் பறந்தான்.