வீட்டுக்குள் வந்துகொண்டிருப்பவர்

தையல்காரி குர்ஆனில் மத்தைக் குறைத்து ஓதிய அன்று மாடிப்படியில் ஒரு படி காணாமல் போனது. இடிந்த அடையாளம் எதுவும் இல்லை. நேற்று இருந்தது, இன்று இல்லை, அவ்வளவுதான். கூடக் குடியிருந்த நாத்தனார்தான் முதலில் தடுக்கி விழுந்தாள். அடுத்த வாரம் கட்டில் குட்டையாகி, தையல்காரியின் கணவருக்குக் கால் வெளியே நீட்டிக்கொண்டது. அதன்பின் பூனையின் வால்.

காரணம் தையல் மெஷின். குர்ஆன் ஓதும்போது நெடிலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு அளவு உண்டு; அதுதான் மத்து. மற்றவர்கள் விரல் மடக்கி எண்ணுவார்கள். அவளுக்கு இரண்டு கையும் துணியில் இருந்ததால், மனப்பாடமானதைத் தைத்துக்கொண்டே ஓதி, ஒரு மிதிக்கு ஓர் அளவு என்று பழகியிருந்தாள். பல வருஷம் பிசகவில்லை. மெஷினுக்கு மோட்டார் மாட்டியதும் அதன் வேகம் நாக்கில் தொற்றிக்கொண்டது. ஓதலில் குறைந்தது வீட்டிலும் குறைந்தது.

"என்ன அண்ணி, பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஓதுறீங்க? இப்படியே போனா நான் குள்ளச்சி ஆயிடுவேன்" என்று நாத்தனார் சிரித்தாள். தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை கணவரின் நிழல் இடுப்போடு முடிந்திருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

மோட்டாரைக் கழற்றினாள். மாலையில், இம்மியும் குறையக் கூடாதென்று மிதியை மெல்ல மெல்ல மிதித்து, மூச்சு முட்டும்வரை இழுத்து ஓதினாள். அந்த நேரம் பார்த்து அச்சகத்து வேலை முடிந்து வந்த கணவர், வாசலுக்கும் சமையலறைக்கும் இடையிலிருந்த நடையில் பாதி தூரம் வந்திருந்தார். நடை இரண்டு பக்கமும் நீண்டது. அவள் நிமிர்ந்தபோது, கட்டைவிரல் உயரத்தில், சாப்பாட்டுத் தூக்கோடு அவர் தூரத்தில் வந்துகொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்போடு ஓடிய நாத்தனார் நடுச்சாமத்தில்தான் திரும்பினாள்.

"கூப்பிட்டா அண்ணனுக்குக் கேக்குது, எவ்வளவு நடந்தாலும் கிட்ட வரல. நீங்களே குறைச்சு ஓதுங்க அண்ணி, வழி சுருங்கட்டும்!"

மார்க்கக் கல்வி படித்த பக்கத்து வீட்டு ஆலிமா தலையசைத்து மறுத்தாள். "தெரியாம குறைச்சது பிழைம்மா. தெரிஞ்சே குறைச்சா அது வேற. சுருங்கப்போறது வழியா, அவரு ஆயுசான்னு யாரு கண்டா?"

அன்றிலிருந்து தையல்காரி துணியைக் கீழே வைத்துவிட்டு, விரல் மடக்கித்தான் ஓதுகிறாள். அளவு பிசகுவதில்லை. நடை நீளவுமில்லை, சுருங்கவுமில்லை. மின்சாரக்காரர் கண்ணுக்கெட்டிய வரைக்கும் பல்பு போட்டுக் கொடுத்தார். மகள் கல்யாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்று கையசைத்தார்கள். பதிலுக்கு அவர் கை உயர்ந்தது மறுநாள் மத்தியானம் தெரிந்தது.

இப்போது ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டார். தலை நரைத்திருக்கிறது, தோள் ஒடுங்கிச் சாய்ந்திருக்கிறது. வந்ததும் மாற்றிக்கொள்ள அவருக்கென்று வருஷத்துக்கு ஒரு சட்டை தைத்து வைக்கிறாள். இந்த வருஷம் தோளை அரை அங்குலம் குறைத்து வெட்டினாள்.