மூன்றாவது தூணருகே கிட்டார்

கல்யாணத்துக்குப் பதினொரு நாள் இருந்தபோது, மௌரீன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹெப்பகோடி வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

"மம்மி, ஓஸ்வால்ட் வாசிக்க ஒத்துக்கிட்டார்! பேண்ட் வாத்தியம் வேணாம்னு சொல்லிடுங்க. கோவில்ல நான் நடந்து வர்றப்ப ஒரே ஒரு கிளாசிகல் கிட்டார்தான்."

ரோஸி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஒத்தக் கிட்டாரா? கடைசி பெஞ்சுக்குக் கேக்க வேணாமா? அத விடு, உங்க டாடிக்குக் கேக்குமாடி?"

மௌரீன் அதை யோசித்திருக்கவே இல்லை. அவள் கையைப் பிடித்துத் தேவாலயத்தின் பீடம்வரை நடக்கப்போகிறவர் அப்பாதான். ஆரோக்கியசாமி கோலார் தங்கவயல் சுரங்கத்தில் இருபது வருடம் பாறையில் துளை போட்டவர். அந்த இயந்திர இரைச்சலில் காது பாதி போய்விட்டது. காதுக் கருவி விசிலடிக்கிறது என்று டப்பாவிலேயே வைத்திருந்தார். வீட்டில் எல்லோரும் அவர் எதிரே நின்று, வாயசைவு தெரியும்படிதான் பேசுவார்கள்.

உடனே ஓஸ்வால்டுக்குப் போன் செய்தாள். வார நாட்களில் மென்பொருள் வேலையும், சனி ஞாயிறுகளில் தொம்மலூரில் கிட்டார் வகுப்புமாக இருப்பவர் அவர்.

"மைக் வெச்சு சத்தத்தக் கூட்டிடலாமா?"

"கூட்டினா இரைச்சல்தாங்க அதிகமாகும். அவரக் கோவிலுக்குக் கூட்டிட்டு வாங்க. எது கேக்குதுன்னு அவரையே கேட்டுடுவோம்."

சனிக்கிழமை காலை, பூசை முடிந்து கோவில் காலியாக இருந்தது. ஓஸ்வால்ட் பீடத்தருகே அமர்ந்தார். ஆரோக்கியசாமி வாசலில் நின்றார். "கேட்டா கையத் தூக்குங்க டாடி" என்று மௌரீன் அவர் முகத்துக்கு நேரே சொன்னாள்.

ஓஸ்வால்ட் மெல்லிய தந்தியை மீட்டினார். கை எழவில்லை. அடுத்த தந்தி. அதற்கும் இல்லை. அப்பா ஒருமுறை பீடத்தைப் பார்த்தார், ஒருமுறை மகளைப் பார்த்தார்.

"ஆரம்பிச்சிட்டாரா?" என்று கேட்டார்.

பேண்ட் வாத்தியத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்ல மௌரீன் வாயெடுத்தாள். அதற்குள் ஓஸ்வால்ட் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் வந்துகொண்டிருந்தார். கோவில் பணியாளர் நாகேஷிடம் மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். தடித்த ஆறாவது தந்தியைத் தளர்த்தி, அதன் சுரத்தை இன்னும் கீழே இறக்கினார். மூன்றாவது தூணருகே உட்கார்ந்து, அப்பாவையும் அங்கே வரச்சொல்லிக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினார்.

ஆரோக்கியசாமியின் கை விருட்டென்று மேலே போனது.

"ஏய், கேக்குது! கேக்குதும்மா!"

அந்தக் குரல் கூரைவரை போய்த் திரும்பியது. கூட வந்திருந்த ரோஸி பெஞ்சிலிருந்து எழுந்து கைதட்டினாள். அதற்குப் பிறகு அவரை யாராலும் பிடிக்க முடியவில்லை. "இங்க இல்ல தம்பி, இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம்" என்று ஓஸ்வால்டின் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஓஸ்வால்ட், தான் எழுதியிருந்த மெட்டு முழுவதையும் கீழ்த்தந்திகளுக்கு மாற்ற ஒரு வாரம் கேட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நடை ஒத்திகை. மெட்டுக்கு எழுபது நொடி தேவை. மணப்பெண் இடத்தில் ரோஸி நடந்தாள். மௌரீன் போனில் நேரம் பார்த்தாள். அப்பா முப்பத்தெட்டு நொடியில் பீடத்துக்குப் போய் நின்றார்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கறீங்களா, பஸ் புடிக்கறீங்களா?" என்று ரோஸி அவர் முகத்தைத் திருப்பிக் கேட்டாள். நான்காவது முறை சரியாக வந்தது.

கல்யாணத்தன்று மின்விசிறிகள் நின்றிருந்தன. எல்லோரும் அழைப்பிதழாலேயே விசிறிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை விஜய்குமார் பீடத்தருகே நெற்றியைத் துடைத்துக்கொண்டே நின்றான். நாகேஷ் கையசைக்க, கிட்டார் தொடங்கியது. மௌரீன் அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டாள். அப்பா ஒத்திகையில் நடந்ததுபோலவே அளந்து அடியெடுத்து வைத்தார்.

மூன்றாவது தூண் வந்ததும் நின்றுவிட்டார்.

மௌரீன் மெதுவாகக் கையை இழுத்தாள். அவர் நகரவில்லை. கிட்டார் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். முன்வரிசையில் ரோஸி எழுந்துவிட்டாள். மெட்டு முடியும் தறுவாயில் ஓஸ்வால்ட் நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர், விரலை நிறுத்தாமல் முதல் வரிக்கே திரும்பினார்.

அப்பா கண்ணைத் திறந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு சொன்னது கடைசி பெஞ்சுவரை கேட்டது:

"பாப்பா, நல்லா வாசிக்கிறாரில்ல?"

கோவில் முழுக்கச் சிரிப்பு. மௌரீனும் கண்ணீரோடு சிரித்தாள். "சூப்பரா வாசிக்கிறார் டாடி" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"சரி வா, மாப்பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது" என்று அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். இருவரும் பீடத்தை அடையும்வரை ஓஸ்வால்ட் வாசித்துக்கொண்டே இருந்தார்.