ஒரு சாண் டீசல் குழாய்

காப்பானிற் கள்ளன் பெரியவன் என்பார்கள். கோப்பாய் இளையதம்பியைக் கேட்டால், இந்த இருவரையும் விடப் பெரியவன் சகலன் என்பார். அவருடைய சகலன், அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவன், நமசிவாயம்.

மாமனார் தியாகராசா கண்ணை மூடுவதற்கு முன் தன் டிராக்டரை இரண்டு மருமக்களுக்கும் சரிபாதியாக எழுதி வைத்தார். காணியைப் பாதியாகப் பிரித்தால் நடுவில் வேலி போடலாம். டிராக்டருக்கு நடுவில் என்னத்தைப் போடுவது? மனிதர் அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

டிராக்டர் நின்றது மூத்த மகள் ஞானாம்பிகையின் சீதன வளவில், மாமரத்தின் கீழ். அந்த வீட்டில்தான் இளையதம்பி இருந்தார். நமசிவாயமும் அவன் மனைவி குணலட்சுமியும் கொழும்புத்துறையில். அவனுக்கு வயல் அரியாலையில். ஆகவே அவன் இரண்டு நாளைக்கு ஒருமுறை கோப்பாய்க்குச் சைக்கிள் மிதித்து வந்து, தன்னுடைய பாதி சுகமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவான். குனிந்து டயரில் ஒட்டியிருக்கும் சேற்றை விரலால் நோண்டுவான். ஈரமா, காய்ந்ததா, செம்மண்ணா, களியா என்று பார்ப்பான். ஒன்றும் சொல்லமாட்டான். சொல்லியிருந்தால் இளையதம்பிக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அப்போது சண்டைக் காலம், கள்ளரும் மலிந்த காலம். மின்சாரம் இல்லை, டீசல் தங்க விலை, புதிதாக ஒரு சாமானும் தெற்கிலிருந்து வருவதில்லை. இருக்கிற இரும்புக்குத்தான் மதிப்பு. உரும்பிராயில் ஒருவர் காலையில் எழுந்து பார்த்தபோது டிராக்டர் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் கிடந்ததாம். கேள்விப்பட்டதிலிருந்து இளையதம்பிக்குச் சோறு இறங்கவில்லை. மதில் கட்டி இரும்புப் படலை போடச் சொன்னாள் ஞானாம்பிகை. மதில் கட்டுகிற விலைக்கு இன்னொரு டிராக்டர் வாங்கலாம் என்றார் இளையதம்பி. செலவில்லாத வழி இருக்கும்போது செலவுள்ள வழியில் போகிறவரல்ல அவர்.

முதலில் சங்கிலி போட்டு மாமரத்தோடு பூட்டினார். அந்தக் கிழமையே சங்கிலியும் பூட்டும் களவு போயின. டிராக்டர் அப்படியே நின்றது. அடுத்து ஒரு நாயைக் கொண்டுவந்து கட்டினார். அது வருகிறவர்கள் எல்லாரையும் வாலாட்டி வரவேற்று, போகும்போது ஒழுங்கை முகப்பு வரை கூடப்போய் வழியனுப்பிவிட்டு வந்தது. கடைசியாக ஒரு சூலத்தை எடுத்து டிராக்டரின் மூக்கடியில் நட்டு, திருநீறு பூசி, பொட்டு வைத்தார். வைரவருக்கு முன்னால் எவன் கைவைப்பான்? எவனும் வைக்கவில்லைத்தான். ஆனால் இரண்டாம் வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சின்னாச்சி வடைமாலையோடு வந்து நின்றாள். பூசை முடியாமல் டிராக்டரை அசைக்கக்கூடாது என்று அடுத்த கிழமை இளையதம்பிக்கே சட்டம் சொன்னாள். அன்று பின்னேரமே வைரவர் பின்வளவுக்கு மாற்றப்பட்டார்.

அப்போதுதான் நமசிவாயம் அந்த யோசனையைச் சொன்னான்.

"அண்ணை, ஓடின பிறகு ஆளுக்கொரு சாமானைக் கழட்டி வைச்சிருப்பம். ஸ்டியரிங்கை நீங்கள் வைச்சிருங்கோ. டீசல் குழாயை நான் கொண்டுபோறன். ரண்டும் இல்லாமல் உந்த மெசினை ஆர் கொண்டுபோவான்? ஒரு சதம் செலவில்லை."

கடைசி வசனம் இளையதம்பியின் நெஞ்சில் இறங்கியது. கள்ளனுக்கென்று போட்ட பூட்டு தனக்கும் சேர்த்துத்தான் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் அவனுக்கும் சேர்த்துத்தானே. சரி என்றார்.

அன்றிலிருந்து ஸ்டியரிங் வளையம் கோப்பாய் வீட்டு விறாந்தைச் சுவரில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. ஞானாம்பிகை அதில் ஈரத் துவாய் காயப்போட்டாள். ஒரு சாண் நீளமான டீசல் குழாய் கொழும்புத்துறையில் அரிசிப் பானைக்குள் கிடந்தது. சோறு மணக்கிறது என்று குணலட்சுமி சண்டை பிடித்ததில் பிறகு கூரை முகட்டுக்கு ஏறியது.

குழாயைத் திரும்பப் பூட்டுவதும் ஒரு ஆளின் வேலையல்ல. கழற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். ஒருவர் ஸ்டார்ட்டை அமத்த, மற்றவர் திருகாணியை இளக்கி வைத்து, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை காற்றை எடுக்கவேண்டும். ஆகவே சகலன்மார் இருவரும் ஒருவரை ஒருவர் நம்பாத காரணத்தால் கிழமையில் மூன்று நாள் ஒன்றாக நின்று வேலை செய்தார்கள். வேலை முடிய ஞானாம்பிகை தேத்தண்ணி கொடுத்தாள்.

கள்ளர் வந்தார்கள்தான். காலையில் பார்த்தபோது எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இருட்டில் தங்களுடைய பதினாலாம் நம்பர் ஸ்பானரையும் மறந்துபோய் விட்டிருந்தார்கள். நல்ல உருக்கு. அதற்குப் பிறகு குழாய் பூட்டுவதெல்லாம் கள்ளன்ரை ஸ்பானரால்தான்.

இவ்வளவு நன்றாகப் போன ஏற்பாட்டைக் கெடுத்தவர் இளையதம்பி. ஒரு நாள் குழாய் பூட்டியிருக்கும்போது நூல் பிடித்து அளவெடுத்து, லேத்துக்காரன் ஒருவனைக் கொண்டு அதே மாதிரி ஒன்று செய்வித்தார். தனக்கென்று, ஒரு அவசரத்துக்கு. பூட்டி ஸ்டார்ட் பண்ணியபோது அது இரண்டு முனையாலும் ஒழுகியது. டிராக்டர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரம் முழுக்க டீசல்.

மறுநாள் மாமனாரின் திவசம். இளையதம்பி இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் குளித்துவிட்டுத்தான் பந்தியில் இருந்தார். ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் டீசல் மணக்கிற ஆளை அத்தர் பூசிய ஆளை விடத் தூரத்திலேயே கண்டுபிடிக்கலாம். பக்கத்து இலையில் இருந்த நமசிவாயம் மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினான். குழாய் கொழும்புத்துறையில் கிடக்க, டீசல் இங்கே மணந்தது. பாயசம் வருவதற்கு முன் எழும்பி, கை கழுவி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

டிராக்டர் மாமரத்தின் கீழ் நின்றது. மேலே கோழி படுத்தது. கள்ளர் பயம் அறவே இல்லை. நமசிவாயம் அரியாலை வயலை மாடு பிடித்து உழுதான். இளையதம்பி மண்வெட்டியால் கொத்தினார். இரண்டு பேருக்கும் இடுப்பு உளைந்தது. பாதுகாப்பு மட்டும் பூரணமாக இருந்தது.

தொண்ணூற்றைந்து ஆவணியில் ஞானாம்பிகை கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கட்டிலோடு கிடந்தாள். குணலட்சுமி அக்காவைப் பார்க்க வந்தாள். நமசிவாயம் படலையடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். உள்ளே வரவில்லை. அங்கிருந்தே டயரைப் பார்த்தான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு பொழுதுபடுகிற நேரம், மழைக்குள் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. ஆமி கிட்ட வந்துவிட்டது, எல்லாரும் உடனே தென்மராட்சிக்குப் போங்கள் என்றது. கொஞ்ச நேரத்தில் ஊரே கைதடி வீதியில் இறங்கிவிட்டது. சைக்கிளில் மூட்டை, தலையில் மூட்டை, தோளில் பிள்ளை.

இளையதம்பி ஒவ்வொரு வீடாக ஓடினார். வண்டில் வைத்திருந்தவன் போய்விட்டான். லொறிக்காரன் போய்விட்டான். திரும்பி வந்து விறாந்தைச் சுவரில் இருந்த ஸ்டியரிங்கை எடுத்து, துவாயைத் தள்ளிவிட்டு, டிராக்டரில் பூட்டினார். மாட்டுக் கொட்டிலில் புதைத்து வைத்திருந்த டீசல் கானைக் கிண்டி எடுத்து ஊற்றினார். பின்னால் இழுக்கும் பெட்டியைக் கொளுவினார். சின்னாச்சி ஆட்டுக்குட்டியை அணைத்தபடி வந்து நின்றாள்.

"தம்பி, மெசின் வெளிக்கிடுமோ?"

"வெளிக்கிடும்."

"எப்ப?"

"பாதி வெளிக்கிட்டுட்டுது. மற்றப் பாதி கொழும்புத்துறையிலை."

சின்னாச்சி பெட்டிக்குள் ஏறி இருந்து கொண்டாள்.

லேத்துக் குழாயை எடுத்தார். சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துச் சுற்றினார், சவர்க்காரம் அப்பினார். இருமல் கூட வரவில்லை. கொழும்புத்துறைச் சனத்துக்குச் செம்மணிப் பாதை. அவன் அந்தப் பக்கத்தால் எப்போதோ போயிருப்பான். அவன் ஏன் வருவான்? தான் செய்த வேலைக்கு, அவன் இடத்தில் இருந்தால் தானும் வரமாட்டார் என்று இளையதம்பிக்குத் தெரிந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் ஞானாம்பிகை கட்டிலில் இருந்து. "நீங்கள் சின்னாச்சியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்குத் தண்ணியும் பாணும் கிட்ட வைச்சுவிடுங்கோ."

"வாயை மூடு."

"நான் இருக்கிறன் எண்டதுக்காண்டி நீங்களும் ஏன்..."

"வாயை மூடெண்டெல்லே சொன்னனான்!"

முப்பது வருசத்தில் அவளைப் பார்த்து இப்படிக் கத்தியதில்லை. கத்திவிட்டுக் கட்டில் காலடியில் குந்தி இருந்து அழுதார். செல் விழும் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. ஞானாம்பிகை எட்டாத கையால் அவருடைய தோளைத் தேடினாள். விடிகிற வரை அப்படியே இருந்தார்கள்.

விடிந்தபோது படலை கிறீச்சிட்டது. நமசிவாயம் தெப்பமாக நனைந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். பின்னால் குணலட்சுமி, தலையில் ஒரு பெட்டி. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு மடியில் இருந்து குழாயை எடுத்தான். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை இது:

"கள்ளன்ரை ஸ்பானர் எங்கை?"

இளையதம்பி எடுத்துக் கொடுத்தார். அவன் லேத்துக் குழாயைக் கழற்றி, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"உதுக்கு எவ்வளவு எடுத்தவன்?"

"நூற்றைம்பது."

"வடிவாய் ஏமாத்திப் போட்டான்," என்று மாமர அடியில் எறிந்தான். "ஏறி அமத்துங்கோ."

அவர் அமத்தினார். அவன் திருகாணியை இளக்கிப் பிடித்தான். நுரை வந்தது. பிறகும் நுரை. பிறகு டீசல் வந்தது. டிராக்டர் கோழிகளை எல்லாம் கலைத்துக்கொண்டு இரைந்தது.

"என்னெண்டு வந்தனி?" என்று இரைச்சலுக்குள் கேட்டார் இளையதம்பி.

"என்ரை பாதி இஞ்சையெல்லே நிக்குது," என்றான் நமசிவாயம்.

ஞானாம்பிகையைக் கட்டிலோடு தூக்கிப் பெட்டியில் ஏற்றினார்கள். சைக்கிளைப் பின்னால் கட்டினார்கள். அவள் தலைமாட்டில் குணலட்சுமி இருந்தாள். "செம்மணி வரைக்கும் போயிட்டம் அக்கா," என்றாள், புருசனுக்குக் கேட்கட்டும் என்றே உரத்து. "அங்கை சனத்துக்குள்ளை நிண்டு, 'ஞானமக்காவை ஆர் ஏத்துவினம்' எண்டு கேட்டவர் உவர்தான். பிறகு முழுச் சனமும் அங்காலை போக, நாங்கள் மட்டும் இஞ்சாலை. எல்லாரும் எங்களை விசரர் எண்டு பேசினவை." நமசிவாயம் காது கேளாதவன் போல மட்கார்டில் இருந்து வீதியைப் பார்த்தான்.

கைதடிப் பாலம் தாண்டி மீசாலைக்குப் போய்ச் சேரப் பொழுது பட்டுவிட்டது. வழியில் ஏறியவர்களோடு பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லை. ஒரு பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஞானாம்பிகையின் கட்டிலுக்கு மட்டும் இடம் கிடைத்தது. சுற்றிவர முன்பின் தெரியாத சனம். டிராக்டரைத் தென்னைகளுக்கு நடுவில் விட்டார்கள். யாரும் சொல்லாமலே நமசிவாயம் குழாயைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தான். இளையதம்பி ஸ்டியரிங்கைக் கழற்றினார்.

"நாங்கள் மிருசுவிலுக்குப் போறம் அண்ணை. அங்கை இவவின்ரை சிநேகிதி வீட்டிலை ரண்டு பேருக்கு ஒரு மூலை தருவினம்." குழாயை நீட்டினான். "இந்தாங்கோ. இனி இது உங்களிட்டையே கிடக்கட்டும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

இளையதம்பி அந்த ஒரு சாண் குழாயைப் பார்த்தார். இதற்காகத்தானே நூல் பிடித்து அளவெடுத்தார், லேத்துக்காரனிடம் போனார், ஒன்றரை வருசம் ஒரு மனிதனை இழந்தார். இப்போது கைக்குக் கிட்ட வந்துவிட்டது. அவர் திரும்பி விறாந்தையைப் பார்த்தார். அவ்வளவு சனத்துக்குள் கட்டிலில் ஞானாம்பிகை, அவளுக்குப் பக்கத்தில் சொந்தமென்று யாருமில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. பயம் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகவும் இருக்கவில்லை.

"வேண்டாம். உன்னட்டையே இருக்கட்டும்."

"ஏன், இன்னும் கோவமோ?"

"உன்னட்டை இருந்தால்தான் நீ நாளைக்கு வருவாய்."

நமசிவாயம் குழாயை மடிக்குள் செருகி, குணலட்சுமியை ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தான். கொஞ்சத் தூரம் போனவன் காலை ஊன்றித் திரும்பினான்.

"டயரிலை எவ்வளவு சேறு எண்டு பாத்து வைச்சிருக்கிறன், சொல்லிப்போட்டன்," என்றான்.