இரண்டும் இடது

படம் முடிய இன்னும் அரைமணி இருக்கும்போதே வயர்லெஸ்காரருக்குப் பொறுமை போய்விட்டது. பின்னே? பட்டாளத்தில் வயர்லெஸ் சுமந்த இருபது வயதில் தான் மண்ணைக் கவ்விப் படுத்துக்கிடந்த பாலத்துச் சண்டையை ‘உண்மைக் கதை’ என்று போட்டுவிட்டு எவனோ இஷ்டத்துக்கு எடுத்து வைத்திருந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

“அடப்பாவி, கல்யாணத்துக்குப் போறவன் சூட்கேஸ் தூக்குற மாதிரி வயர்லெஸ் பெட்டியைத் தூக்கிட்டு ஓடுறானே! அதைச் சுமந்து முதுகு ஒடிஞ்சவன்டா நான்.”

முன்வரிசை ஆள் திரும்பி முறைத்தார். மனைவி அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“சும்மா இருங்க. அண்ணன் வரப்போறான்.”

அவளுக்காகத்தான் வந்தார். அந்தப் பாலத்தில் செத்துப்போனது அவளுடைய அண்ணன், இவருக்கு உயிர்த்தோழன். அப்போது அவளுக்கு ஆறு வயது. வீட்டிலிருந்த ஒன்றிரண்டு போட்டோவும் வெள்ளத்தில் போய்விட்டன. படத்திலாவது அண்ணனைப் பார்த்துவிடலாம் என்று ஒரு வாரமாகப் பறந்துகொண்டிருந்தாள்.

வந்தான் அண்ணன். ஆறடி நடிகன், பளபளவென்று பூட்ஸ், நிமிர்ந்த நடை. ஐந்து குண்டு வாங்கிய பிறகும் பாலத்தின் நடுவில் நின்று வசனம் பேசினான். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

வயர்லெஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மச்சானுக்கு நாலு பேர் எதிரே வாயே வராது. அன்றைக்கு வசனமும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை. எதிரில் நிற்பவனே தெரியாத பனி. அக்கரையில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவரப் போனான். ஒரே ஒரு குண்டு. அவ்வளவுதான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். சாயங்கால வெயில். அவள்தான் ஆரம்பித்தாள்.

“நான்தான் தப்பா நினைச்சிருக்கேன் போல.”

“எதை?”

“அண்ணன் முகமே எனக்கு ஞாபகம் இல்லைங்க. ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கடைசியா லீவுல வந்தப்போ, தெருமுனையிலேர்ந்து கோணிக் கோணி நடந்து வந்தான். நானும் பின்னாடியே அதே மாதிரி நடந்தேன். வாசல்லயே பூட்ஸைக் கழட்டிட்டான், அம்மா பார்க்கல. அவன் போனப்புறம் அம்மாகிட்ட சொன்னேன். ‘என் பிள்ளை என்ன நொண்டியா’ன்னு ஒரு அறை விட்டாங்க. அதோட யார்கிட்டயும் மூச்சு விடல. இன்னைக்குத்தான் பார்த்தோமே, எவ்வளவு நிமிர்ந்து நடக்கிறான். அப்போ நான் கண்டது கனவுதான்.”

வயர்லெஸ்காரர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் அந்தச் சண்டையைப் பற்றி அவளிடம் வாயைத் திறந்ததில்லை. சொன்னால் அழுவாள் என்று பயம்.

“கனவில்லடி. ஸ்டோர்ல உங்கண்ணனுக்குக் கொடுத்த பூட்ஸ் ரெண்டுமே இடது கால். மாத்திக் கேட்டா, அடுத்த லாரியில வரும்னாங்க. அந்த லாரி வரவே இல்ல. கடைசி நாளும் அதைத்தான் போட்டிருந்தான். நாங்க எல்லாம் சிரிச்சு வயிறு புண்ணாப்போச்சு. ‘எங்க வீட்டுக் குட்டி மட்டும் சிரிக்கலடா, என் பின்னாலேயே அதே மாதிரி நடந்து வந்தா’ன்னு லீவு முடிஞ்சு வந்து சொல்லிச் சொல்லி மாஞ்சுபோனான்.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னைச் சொன்னானா?”

“உன்னைத்தான்.”

“நடந்து காட்டுங்க.”

“இங்கேயா? முட்டிவலியோடவா?”

“நடங்க.”

வலது பாதத்தை வெளியே திருப்பி, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து அவர் நடந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்! கொஞ்ச தூரம் போனதும் பக்கத்தில் இன்னொரு நிழல் அதேபோல் கோணிக் கோணி வருவது தெரிந்தது. பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவர் திரும்பப் போனார்.

“திரும்பாதீங்க,” என்றாள். “அப்படியே நடங்க.”

பஸ் வந்தது, நின்றது, போயும்விட்டது. அவர் நடந்துகொண்டே இருந்தார்.