திருகில் ஒரு சாக்பீஸ் கோடு

அந்தத் தையல் மெஷினுக்கு இரண்டு பேர். காலை ஷிப்டில் ஒருத்தி, மதியத்துக்கு மேல் நான். காலைக்காரி என்றுதான் அவளைச் சொல்வேன். பேர் சொல்லிக் கூப்பிட எங்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் திருகில் எனக்கென்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். மகாராணி அதை மதித்தால்தானே! தினமும் நான் வரும்போது திருகு தளர்ந்து கிடக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டுக்குத் திருகுவேன். நாலு தையலில் நூல் பட்டென்று அறும். மறுபடி கோர்த்து ஓட்டினால், துணிக்கு அடியில் வளையம் வளையமாகத் தொங்கும். இன்னும் இறுக்குவேன், இன்னும் தொங்கும். அதோடு மல்லுக்கட்டியே பாதி உயிர் போய்விட்டது.

அந்த மாதம் செக்கிங்கிலிருந்து நான் தைத்துக் கொடுத்த பண்டில் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை வந்தால் பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே ஷிப்ட் கிடையாது, காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே வேலை பார்க்க வேண்டும். என் வலது முட்டி வீங்கிக் கிடக்கிறது, மாடிப்படி ஏறவே உட்கார்ந்து எழ வேண்டியிருக்கிறது. பயந்துபோய்தான் சூப்பர்வைசரிடம் போட்டுக் கொடுத்தேன்.

"வேணும்னே பண்றா சார். நான் செட் பண்ணி வைக்கிறத தினம் கெடுத்துட்டுப் போறா."

மறுநாளே அவளை மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் மெஷினை யாரும் தொடவில்லை. திருகு என் கோட்டிலேயே நின்றது. அப்படியும் நூல் தொங்கியது.

மெக்கானிக் வந்து பார்த்தார். "எங்க, என் கண்ணு முன்னாடி நூல் கோத்துக் காட்டுங்கக்கா."

கோர்த்தேன்.

"துணிய அழுத்துற பாதத்தத் தூக்காமயே கோக்குறீங்களே?"

"அதத் தூக்குற கம்பிய முட்டியால தள்ள முடியலப்பா. உயிர் போற வலி."

"தூக்கினாத்தானே திருகுக்குப் பின்னாடி இருக்குற ரெண்டு தட்டும் வாயத் தொறக்கும்? இல்லன்னா நூல் வெளியவே நிக்கும். நீங்க எவ்ளோ திருகினாலும் அதுக்கு என்ன வந்துச்சு? பின்னாடி கைப்பிடி இருக்கு, கையால தூக்குங்க."

பதினாறு வருடமாகத் தைக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? வலிக்கு ஒரு நாள் விட்டேன், விட்டது பழகிவிட்டது. கைப்பிடியைத் தூக்கிக் கோர்த்து, திருகைத் தளர்த்தி ஓட்டினேன். தையல் கோடு போட்டதுபோல் விழுந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இடைவேளையில் மேஜைக்குப் போனேன். காலைக்காரி கத்தரியைக் கீழே வைக்கவில்லை.

"திருகுல ஒண்ணும் இல்லடி. தப்பு என்மேலதான். நூல்..."

"தட்டுக்கு வெளிய கிடக்கும். தெரியும்க்கா. தினம் காலையில உள்ள எடுத்துப் போட்டு, திருகத் தளர்த்திட்டுத்தான் ஓட்டுவேன்."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?"

"ஷிப்ட் மாறும்போது நீங்க என் மூஞ்சியவே பாக்க மாட்டீங்க. ரெண்டு தடவ சீட்டு எழுதி பாபின் டப்பாவுல வச்சேன்."

வைத்திருந்தாள். வம்புக்கு எழுதியிருப்பாள் என்று பிரிக்காமலே கசக்கி எறிந்தவள் நான்தான்.

நேரே சூப்பர்வைசரிடம் போனேன். "சார், அவமேல தப்பில்ல. நான் நூல் கோத்ததுதான் தப்பு."

அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "இப்ப ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்புறம் என்ன? போய் வேலையப் பாருங்க. சும்மா சும்மா ஆள மாத்திக்கிட்டிருக்க முடியாது."

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை அங்கேயே நின்றிருக்கலாம். எனக்குள் அப்பாடா என்று இருந்தது, அதுதான் நிஜம். "சரி சார்" என்று வந்து உட்கார்ந்துவிட்டேன்.

என் இடத்திலிருந்து பார்த்தால் மேஜை நேராகத் தெரியும். அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தாள். அன்று என் பண்டிலில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.