தாய்மாமன் சீர் சைக்கிள்

சண்முகப்பிரியாவின் சைக்கிளுக்கு 1996ஆம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து பிரேம் கிடையாது. இரண்டு சக்கரங்கள், ஹேண்டில்பார், சீட், பெடல்கள், செயின், டைனமோ விளக்கு ஆகிய யாவும் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் அந்தரத்தில் நின்றன. நடுவே காற்று மட்டுமே இருந்தது. அதில் ஏறித்தான் அவள் சென்னிமலைப் பள்ளிக்குச் சென்று வந்தாள். முதல் வாரம் தறிக்குழியை விட்டு எழுந்து வந்து பார்த்தவர்கள், அடுத்த வாரம் தறியை நிறுத்தவில்லை. பஞ்சர் ஒட்டுபவர், பிரேம் இல்லை என்பதற்காகக் கூலியைக் குறைக்க இயலாது என்று மட்டும் தெரிவித்தார்.

அந்தச் சைக்கிள், அவள் பெரியவளானபோது நடந்த திரட்டிச் சீருக்குத் தாய்மாமன் திருமூர்த்தி கொண்டுவந்தது. காங்கேயத்தில் தேங்காய்க் களம் வைத்திருந்த அவர், கோயம்புத்தூருக்கே சென்று, ஒவ்வொரு பாகத்தையும் தனியாகத் தேர்ந்து கோர்க்கச் சொன்னார். பெல், விளக்கு, மட்கார்டு, கேரியர், சீட் எல்லாம் கடையிலேயே உயர்ந்தவை. பிரேம் மட்டும் பெயரில்லாத மலிவுச் சரக்கு. கடைக்காரருக்கு மனம் ஒப்பவில்லை.

“ஏனுங்க, பெல்லு போனா வேற மாட்டிக்கலாமுங்க. பிரேமே போனா எதுல கொண்டுபோயி மாட்டுவீங்க? கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா எடுத்துக்குங்க.”

“சபையில ஆருங்க பெயிண்டச் சொரண்டிப் பாக்கறாங்க?” என்றார் திருமூர்த்தி. “பன்னெண்டாவது முடிக்கற வரைக்கும் நின்னாப் போதுமுங்க. அப்பறம் புள்ள எங்கூட்டுக்கு மருமகளா வந்துரும். வந்தப்பறம் சைக்கிள்ல எங்க போவோணும்?”

சபை அவர் கணித்தபடியே நடந்துகொண்டது. பெல்லை அடித்துப் பார்த்தார்கள். டைனமோவைச் சுழற்றிப் பார்த்தார்கள். பெயிண்ட்டை ஒருவரும் சுரண்டவில்லை.

இரண்டாவது மழைக்காலத்தில் பற்றவைத்த மூட்டுகளில் துரு பூத்தது. குழாய்கள் வேப்பங்குச்சியளவு மெலிந்தன, பின்னர் நூலளவு. வேறு பிரேம் போட்டுக்கொள்ளலாமா என்று சண்முகப்பிரியா கேட்டதற்குத் தாய் வரலட்சுமி சம்மதிக்கவில்லை. உடன்பிறந்தவர் வைத்த சீரில் ஒரு பாகத்தை மாற்றுவது, அவர் வைத்தது மட்டம் என்று ஊருக்கு அறிவிப்பதாகும். அதன்பின் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

“அண்ணன் போட்ட சீருல கை வெக்காத கண்ணு. நீயே பாத்து மெதுவா மிதிச்சுப் போ,” என்றாள்.

அவளும் மெதுவாகவே மிதித்தாள். ஒரு காலையில் கடைசிப் பெயிண்ட்டும் உதிர்ந்திருந்தது. பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் அவள் யோசிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் நகர்ந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் ஈரோட்டில் ஒரு கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்தது. பேருந்து நிலையம் வரை சைக்கிள், அங்கிருந்து பஸ் என்று வழியையும் அவள் தீர்மானித்திருந்தாள். அந்த வாரமே திருமூர்த்தி உறவினர்களுடன் வெற்றிலைத் தட்டோடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்ற சைக்கிளைக் கண்டு திருப்தியடைந்தார்.

“சைக்கிளும் போச்சு, படிப்பும் முடிஞ்சுது. கணக்கு சரியா இருக்குதில்ல அம்மணி?”

“சைக்கிள் போகலீங்க மாமா. வேணும்னா ஏறிப் பாருங்க. மேல இருக்கறதெல்லாம் ஒசத்திச் சரக்குங்களே.”

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். சீட் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் தரையில் இருந்தார். மண்ணைத் தட்டியபடி எழுந்து தங்கையிடம் கேட்டார்: “வரலட்சுமி, இன்னைக்கு இந்தத் தட்ட வாங்கறயா, இல்ல அண்ணனே இல்லீன்னு சொல்லிப்போடறயா?”

வரலட்சுமி நிமிராமல் தட்டை வாங்கிக்கொண்டாள். கல்லூரி திறந்த வாரத்தில் திருமூர்த்தியின் மகன் கிருபாசங்கருக்கும் சண்முகப்பிரியாவுக்கும் திருமணம் நடந்தது. பட்டுச் சேலையையும் காசுமாலையையும் வளையல்களையும் சபை தொட்டுப் பார்த்து மெச்சியது. பெண்ணின் விருப்பத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை. சைக்கிளும் உடன் வந்து, களத்தின் ஓரத்தில், பெல் மங்காமல் நின்றது.

காங்கேயத்தில் முதலாண்டு அவளுடைய குரல் மெலிந்தது; அடுத்த ஆண்டு விரல்கள். பார்க்க வந்த வரலட்சுமி, அண்ணன் வீட்டில் குறை சொல்லத் தயங்கி, கொண்டுவந்த முறுக்கை வைத்துவிட்டுப் போனாள். 1999ஆம் ஆண்டு தை மாதம் முதல் சேலை, தாலிக்கொடி, வளையல், மெட்டி ஆகிய யாவும் அவையவை இருக்க வேண்டிய இடத்தில் அந்தரத்தில் நின்றன. சமையல் உரிய நேரத்தில் நடந்துவந்ததால் வீட்டார் அது குறித்துப் பேசவில்லை.

அம்மாதம் கொப்பரை விலை பேச வந்த வியாபாரி ஐயாசாமி, “மருமக சௌக்கியமுங்களா?” என்று மரியாதைக்கு விசாரித்தார்.

“நல்லாருக்குதுங்க. காப்பி சாப்புடுங்க,” என்றார் திருமூர்த்தி.

வளையல்கள் டம்ளரைக் கொண்டுவந்து வைத்தன. ஐயாசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை சற்றுத் தூக்கல் என்றார். வளையல்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றன. கொப்பரை அன்று குவிண்டாலுக்கு ஐம்பது ரூபாய் ஏறியிருந்தது.