டம்மி வரியில் வந்தவன்

ரோசலின் மெட்டுப் போடும்போது இடத்தை நிரப்ப வாயில் வந்த சொல்லை டம்மியாகப் போட்டுப் பாடுவாள். பாடிய சொல் எதுவோ, அது வீட்டுக்கு வந்துவிடும். நான் அந்த இடத்தில் சரியான சொல்லை எழுதியதும் வந்தது கிளம்பிப் போய்விடும். இப்படித்தான் நாங்கள் சேர்ந்து பாட்டு எழுதுகிறோம்.

போன வாரம் "ஒட்டகம் ஒட்டகம் மாடிப்படி" என்று பாடினாள். ஒட்டகம் இரண்டாவது மாடியில் திரும்ப முடியாமல் நின்றது. ஃபிளாட் செக்ரட்டரி வரதன் அதன் வயிற்றுக்கடியில் குனிந்து மேலே வந்தார்.

"சார், சரணம் எப்ப முடியும்?"

"எதுகை இடிக்குது."

"யாரும் கீழ இறங்க முடியல சார். சுமாரா ஏதாவது போட்டு விடுங்களேன்."

சுமாராகப் போட எனக்கு மனசு வராது. மாலைவரை ஒட்டகம் நின்றது. போகும்போது வரதனை முறைத்துவிட்டுப் போனது.

நானும் அப்படி வந்தவன்தான். "கலியமூர்த்தி கலியமூர்த்தி கதவத் தட்டு" என்று ரோசலின் ஒருநாள் பாடினாள். தட்டினேன். அந்தப் பாட்டை மட்டும் நாங்கள் முடிக்காமலே வைத்திருந்தோம். இன்று தயாரிப்பாளர் அதைத்தான் கேட்டார். சாயங்காலத்துக்குள் வேண்டுமாம்.

"ஏதாவது தோணுதா?" ரோசலின் கீபோர்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இல்ல."

பொய். தோன்றிவிட்டது. 'பழைய காய்ச்சல்.' கலியமூர்த்தி இருந்த இடத்தில் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல உட்கார்ந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் இவ்வளவு நல்ல சொல்லை வாய்க்குள்ளேயே வைத்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

பாடிப் பார்த்தாள். "பழைய காய்ச்சல் பழைய காய்ச்சல் கதவத் தட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பிரமாதம். ஏன் சொன்னீங்க?"

"நல்லா இருந்துச்சு. அதான்."

என் கால்கள் வாசலுக்குப் போயின. செருப்பு தானே மாட்டிக்கொண்டது. படிகள் காலையில் இருந்ததைவிட நிறைய இருந்தன. வரதன் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டார்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுது."

மேலே கீபோர்டு சத்தம் கேட்டது. புது மெட்டு. ரோசலின் அவசர அவசரமாகப் பாடினாள்.

"கலியமூர்த்தி எங்கயும் போகாம இங்கயே இரு."

திரும்பி ஏறினேன். மெட்டு 'இங்கயே'வோடு முடிந்துவிடுகிறது. 'இரு' வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. காது இருக்கிற எவருக்கும் அது தெரியும்.

"சரியா உட்காருதா?" என்றாள்.

"சரியா இருக்கு" என்றேன்.